நொட்டையாரும் மலிவுக் கேமராவும்

சோதனைக்கு வந்த பொருளின் பெட்டியைப் பிரித்ததும் நொட்டையார் முதல் காரியமாக விளக்கப் புத்தகத்தை எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிடுவார். "யாரு இதைப் படிக்கிறாங்க? படிக்காதவங்க கையில எப்படி நடந்துக்குதுன்னுதான் பாக்கணும்." பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பொருளை மேசையின் நடுவில் வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஐந்து நிமிடம் தொடமாட்டார். திருடனைப் பிடித்து எதிரே உட்கார வைத்த போலீஸ்காரர் மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பார். "வாங்க. உங்க வண்டவாளம் என்னன்னு பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பார். இஸ்திரிப் பெட்டியானாலும் டார்ச் லைட்டானாலும் அவருக்கு 'வாங்க, போங்க'தான். மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவார்.

குடும்பப் பத்திரிகை ஒன்றில் கடைசிக்கு முந்தைய பக்கம் பத்தொன்பது வருடமாக அவருடையது. வீட்டு உபயோகப் பொருட்களைச் சோதித்து எழுதும் பக்கம். அலுவலகத்தில் அவருக்கு நொட்டையார் என்று பேர். எதைக் கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்வார் என்பதால் வந்த பேர். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு மாதமும் பக்கத்தின் அடியில் ஒரே கேள்வி இருக்கும்: 'குடும்பத்துக்கு ஏற்றதா?' பதில் பெரும்பாலும் 'இல்லை'. "ஒரே ஒரு தடவை 'ஆமா'ன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். "எழுதலாம் சார். சாமானும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்ல?" என்பார் இவர்.

ஷூ லேஸில் கட்டிய பழைய ஸ்டாப்வாட்ச் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். சோதிக்க வந்த பொருளைச் சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து பாய் மேல் மூன்று முறை போடுவார். ஈரக் கையோடு தொடுவார். பிறகு மனைவியிடம் கொடுத்து, "நீயா கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். குறை எதுவானாலும் மூன்று முறை நடக்கவேண்டும். "ஒரு தடவைன்னா நம்ம தப்பு. ரெண்டு தடவைன்னா தற்செயல். மூணாவது தடவையும் நடந்தாத்தான் குறை." சோதனை முடிந்ததும் பொருளை வந்த மாதிரியே, சுற்றி வந்த நூலைக்கூட அதே மாதிரி சுற்றி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு கரண்டியைக்கூட அவர் வீட்டில் நிறுத்திக்கொண்டதில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற இந்த மனிதரின் வீட்டுக்கு, போன கோடையில் சிவப்பு நிறத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. முதன்முதலில் கேமரா பிடிப்பவர்களுக்கான மலிவு ரகம். 'முழுக் குடும்பத்துக்கும் ஒன்று' என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. சோப்புக்கட்டி அளவு இருக்கும். எடை சோப்புக்கட்டியைவிடக் குறைவு. மூன்று வாரத்தில் திருப்பித் தரவேண்டும் என்ற தவணையில் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் மகளும் வீட்டில் இருந்தாள். ஏழாவது மாதம். அவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்பதால், பிரசவம் வரைக்கும் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கேமராவைக் கண்டதும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. "அப்பா, எனக்கும் ஒண்ணு வேணும். குழந்தை பொறக்கறதுக்குள்ள வாங்கிடணும். எதை வாங்கலாம்னு சொல்லுங்க."

நொட்டையார் பேட்டரி மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "இதை வாங்காதே. மூடி ரெண்டு மாசத்துல கழண்டு கையோட வந்துடும். பொத்தானை அமுக்கி அரை விநாடி கழிச்சுத்தான் படம் புடிக்குது. கொஞ்சம் பொறு, அடுத்த மாடல் வரட்டும், பாக்கலாம்" என்று முடித்தார்.

"குழந்தை காத்திருக்காதுப்பா" என்றாள் மகள் சிரித்துக்கொண்டே.

பக்கத்தில் தையல் மெஷினில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அந்த அம்மாள் அதிகம் பேசுகிற ரகமில்லை. வீடுவீடாகத் திரைச்சீலைக்கு ஆர்டர் எடுத்துத் தைக்கிறவள். பத்து வருடத்துக்கு முன் தைத்துக் கொடுத்த ஜன்னலின் நீள அகலத்தைக்கூடக் குறிப்புப் பார்க்காமல் சொல்வாள்.

மறுநாள் வழக்கம்போலக் கேமரா அவள் கைக்குப் போனது. ஸ்டாப்வாட்ச் ஓடியது. அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றாள். இந்த மாதிரிக் கேமராக்களில் குழந்தைகளுக்கென்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டால், எடுக்கிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அன்றைக்குக் குழந்தைக்கு எத்தனை வயது, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அதுவே கணக்கிட்டு ஆரஞ்சு எழுத்தில் பொறித்துவிடும்.

"'குழந்தை 1, பிறந்த தேதி'ன்னு கேக்குது. நம்ம வீட்ல குழந்தை ஏது? என்ன போட?"

"ஏதாவது ஒரு தேதியைப் போடு. சோதனைக்குத்தானே."

அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பொத்தானை அழுத்தத் தொடங்கினாள். டிக், டிக், டிக் என்று ரொம்ப நேரம் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நொட்டையாரின் கண் ஸ்டாப்வாட்ச் மேலேயே இருந்தது, திரையை அவர் பார்க்கவில்லை. சோதனை அட்டையில் எழுதிக்கொண்டார்: 'தேதி இடுவது எளிது. ஆண்டைப் பின்னால் கொண்டுபோகப் பல முறை அழுத்த வேண்டியிருக்கிறது. குறை.'

மூன்று நாள் கழித்து, அதுவரை எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் ரவை கொட்டின மாதிரி இருந்தது. கொடியில் மாட்டிய ஏழு நிறக் கிளிப்புகளில் ஊதாவும் நீலமும் ஒன்றாகிவிட்டிருந்தன. நொட்டையாருக்குக் கொண்டாட்டம். அடுத்த படத்தில் மகள் ஜன்னலோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூலையில் ஆரஞ்சு எழுத்து: 31 வயது 2 மாதம் 9 நாள்.

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பா, எனக்கு இன்னும் இருபத்தெட்டே முடியல. கேமராவுக்குக் கணக்கு வராது போல. இதையும் உங்க குறைப் பட்டியல்ல சேத்துக்கோங்க."

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். படம் எடுத்த தேதியிலிருந்து ஒன்பது நாளைக் கழித்தார், இரண்டு மாதத்தைக் கழித்தார், முப்பத்தொரு வருடத்தைக் கழித்தார். வந்த விடையைப் பார்த்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது. "எழுதிக்கறேம்மா" என்றார். எழுதவில்லை.

அந்தத் தேதியில் பிறந்த குழந்தை பெண் குழந்தை. அவர்களுடைய முதல் குழந்தை. நாற்பத்தொரு நாள் இருந்தது. அப்போது நொட்டையார் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே கேமரா வாங்க அலைந்தார். அந்தக் காலத்து ஃபிலிம் கேமரா. வாங்கும் அளவுக்கு வசதியும் இருந்தது. மூன்று ரகம் பார்த்து வைத்திருந்தார். ஒன்றில் படத்தின் ஓரம் மங்கலாக வந்தது. ஒன்றில் ஃபிலிம் சுற்றுகிற பிடி இறுக்கமாக இருந்தது. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் அடுத்த மாதம் அதிலேயே புது மாடல் வரப்போவதாகக் கடைக்காரர் சொன்னார். சரி, அதையும் பார்த்துவிட்டே வாங்கலாம் என்று பொறுத்தார். அடுத்த மாதம் புது மாடல் வந்தபோது குழந்தை இல்லை. அதன் முகம் எந்தக் காகிதத்திலும் இல்லை. மகளுக்கு, தனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்ற அளவுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் வாய் திறந்ததில்லை.

மகள் எழுந்து போனபிறகு மற்ற படங்களையும் பார்த்தார். அவர் எடுக்காத படங்கள் சில இருந்தன. எல்லாம் காலை ஏழு மணி பத்து நிமிடத்தை ஒட்டி எடுத்தவை. உள்ளறைக்குப் போகும் நடையின் வாசல். ஆள் இல்லாத நாற்காலி. சோபாவின் இடது ஓரம். மறுபடி நடையின் வாசல். ஒன்றிலும் மனிதர் இல்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வயது இருந்தது, நாளுக்கு நாள் ஒன்று கூடிக்கொண்டு போனது. யாரும் இல்லாத படத்துக்கு வயது எதற்கு? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும். பேசினால் முப்பத்தொரு வருடத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். அதற்கு அவருக்குத் துணிச்சல் கிடையாது. கேமரா சோதனைக்குத்தானே வந்திருக்கிறது, சோதிப்போம் என்று வேலைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார்.

கேமராவும் அவரைச் சும்மா விடவில்லை. கேமராவை ஆள் பக்கம் திருப்பினால், திரையில் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு மஞ்சள் கட்டம் விழும். முகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். ஒரு நாள் மத்தியானம் மனைவியையும் மகளையும் சோபாவில் உட்கார வைத்து நொட்டையார் கேமராவைத் தூக்கினார். மனைவி முகத்தில் ஒரு கட்டம். மகள் முகத்தில் ஒரு கட்டம். திரையில் இவர்களுக்கு இடது பக்கம், பின்னால், நடையின் இருட்டில் இன்னொரு கட்டம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கட்டம் அங்கேயே இருந்தது. கேமராவை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தார். நடை காலியாக இருந்தது.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? மலிவுக் கேமராக்களின் புத்தி அவருக்குத் தெரியும். இரண்டு திருகாணியும் ஒரு தாழ்ப்பாளும் கிட்டக் கிட்ட இருந்தால் கண்ணும் வாயும் என்று எடுத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் மேல் செய்தித்தாளை ஒட்டினார். கட்டம் போகவில்லை. நடையில் தொங்கிய குடையை எடுத்தார், காலண்டரை எடுத்தார், மின் சுவிட்சைத் துணியால் மறைத்தார், கடைசியில் மனைவி தைத்து மாட்டிய திரைச்சீலையையும் கழற்றினார். வெறும் சுவர்தான் மிச்சம். அதன் மேலும் கட்டம் நின்றது. மூன்று முறை அல்ல, ஏழு முறை. எட்டாவது முறை சோதனை செய்ய அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் பழக்கம் விடுமா? கட்டம் விழுந்த இடத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து, டேப் வைத்து அளந்தார். அவர் மனைவி ஐந்தடி இரண்டு அங்குலம். மகள் ஐந்தடி ஒன்று. தரையிலிருந்து அந்தக் கோடு, அதே மாதிரி உயரமுள்ள ஒருத்தி நின்றால் முகம் எங்கே இருக்குமோ, அந்த உயரத்தில் இருந்தது. 'குழந்தை 1' வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தார். கட்டம் வரவில்லை. மறுபடி போட்டார். வந்தது.

இதே கேமராவில் சிரித்தால் தானாகப் படம் எடுக்கிற வித்தை ஒன்றும் இருந்தது. அதைச் சோதிக்க நொட்டையார் அதன் முன் உட்கார்ந்து எட்டு நிமிடம் பல்லைக் காட்டினார். கேமரா கண்டுகொள்ளவே இல்லை. "நீங்க சிரிக்கலன்னு அதுக்கே தெரியுதுப்பா" என்றாள் மகள். அவர் சலித்துப்போய்க் கேமராவைப் புத்தக அலமாரியில் சோபாவைப் பார்த்தபடி வைத்துவிட்டு, வித்தையை அணைக்க மறந்து, சாப்பிடப் போய்விட்டார்.

மூன்று பேரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் டிக் என்று ஒரு சத்தம். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டார். மறுபடி டிக். எதிரே மனைவி மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஆடவில்லை, ஆனால் உதட்டோரம் லேசாக விரிந்ததை அவர் பார்த்தார். போய்ப் பார்த்தபோது இரண்டு படம் இருந்தது. இரண்டிலும் காலி சோபா. மூலையில் 31 வயது 2 மாதம் 17 நாள்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆளே இல்லாத எடத்துல கட்டம் வருதும்மா. செவுத்து மேல வருது."

"செவுத்துல ஏதாவது படம் மாட்டியிருக்கீங்களா சார்?"

"ஒண்ணும் இல்ல. வெறும் செவுரு."

"அப்படி வர வாய்ப்பே இல்லையே சார். முகம் இருந்தாத்தான் கட்டம் வரும்." பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டாள். அவர் ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு நொட்டையார் நிஜமாகவே பயந்தார். பேயைப் பற்றிய பயம் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. நடையில் யாரோ நிற்பதாகவே வைத்துக்கொண்டாலும், அவளை நிமிர்ந்து பார்க்கும் யோக்கியதை தனக்கு உண்டா என்பதுதான் அவருடைய பயம். உனக்கு ஏன் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்று அவள் கேட்டால், ஓரம் மங்கலாக இருந்தது என்றா சொல்ல முடியும்?

தவணை முடிய ஒரு நாள் இருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியான நேரம். மனைவி ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆள் வருவாரு. அதுக்குள்ள கேமராவுல இருக்கறதையெல்லாம் அழிச்சுத் தரணும்."

மெஷின் நின்றது. "தேதியையுமா?"

"எல்லாத்தையும்தான். வந்தது எப்படியோ அப்படியே போகணும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தினம் காலைல எழுந்ததும் ஒரு படம் எடுத்துப் பாப்பேன். ஒரு நாள் கூடியிருக்கும். இன்னிக்கு இருபத்துமூணு. இத்தனை வருஷமா நான்தாங்க எண்ணிட்டிருந்தேன், மனசுக்குள்ளயே. ஒரு நாள் விடல. இப்ப அது எண்ணுது. எனக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கு."

முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தது அவர் காதில் விழவே இல்லை. ஊர்ச் சாமான்களில் ஊசிமுனை அளவு குறையைக்கூடக் கண்டுபிடித்தவர். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வேற ஒண்ணு வாங்கித் தரேன். இதே மாடல், இதே சிவப்பு. அதுலயும் இந்தத் தேதியைப் போட்டா எண்ணும்."

"எண்ணும்" என்றாள் அவள். "கட்டம் வருமா?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீயும் பாத்தியா?"

"உங்களுக்கு முன்னாடியே. மொதல்ல நடையோட அந்தக் கோடியில இருந்தா. அப்புறம் வாசப்படி. இப்ப சோபா வரைக்கும் வந்துட்டா. கூச்சம் போல, இன்னும் உக்காரல."

"அது மலிவுச் சாமான். எதையாவது பாத்து முகம்னு நெனச்சுக்கும்."

"நெனச்சுட்டுப் போகட்டுமே."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் முப்பத்தொரு வருடமாக வாயில் வைத்திருந்ததைத் துப்பினார். "அன்னிக்கே ஏதாவது ஒண்ணை வாங்கியிருக்கணும்."

"மூணுலயும் குறை இருந்துச்சே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அளவு சொல்வது போலச் சொன்னாள். பிறகு துணியை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே, "மங்கலாவாவது இருந்திருப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் பத்திரிகைக்கான பக்கத்தை எழுதி முடித்தார். பேட்டரி மூடி, அரை விநாடித் தாமதம், ரவை விழும் படம், நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாத கண் என்று ஒன்று விடாமல் எழுதினார். கட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தார். 'குடும்பத்துக்கு ஏற்றதா?' என்ற கேள்விக்குக் கீழே இடம் வெறுமனே கிடந்தது. ஆசிரியர் இரண்டு தடவை ஃபோன் செய்தார். இவர் எடுக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி அழைப்பு மணி அடித்தது. வாசலில் கம்பெனி ஆள் ரசீதுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். நொட்டையார் கையில் கேமரா இருந்தது. 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. 'ஆம்' என்ற சொல்லின் மேல் வெளிச்சம் நின்றிருந்தது. காலையிலிருந்து நாலு தடவை அந்த இடத்துக்கு வந்து நாலு தடவையும் அழுத்தாமல் திரும்பிவிட்டார்.

"கேமராங்க சார். இன்னிக்குத் தரதா சொல்லியிருந்தீங்க."

"இன்னிக்கு முடியாதுங்க. சோதனை இன்னும் முடியல."

"எத்தனை நாளாகும்னு எழுதிக்கட்டும் சார்?"

"தெரியல" என்றார் நொட்டையார். அவர் சொல்லி அந்த ஆள் இதுவரை கேட்டிராத வார்த்தை அது. வந்தவர் ரசீதுப் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மனைவி கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "ஒரு படம் எடுங்க" என்றாள். "எல்லாரும் இருக்கற மாதிரி."

"அம்மா, இந்தப் பக்கம் இவ்வளவு எடம் கெடக்கே, ஏன் நெருக்கறே?" என்றாள் மகள். சோபாவின் வலது கோடியில் அம்மா, நடுவில் மகள். இடது கோடி காலி.

"இருக்கட்டும். நீ அப்பாவைப் பாரு."

நொட்டையார் கேமராவைத் தூக்கினார். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் பாதிக் கூடத்துக்கு நீண்டிருந்தது. திரையில் மனைவி முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது. மகள் முகத்திலும் விழுந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். வழக்கமான நடையின் பக்கம் ஒன்றும் இல்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு, அதை அவரே எதிர்பார்க்கவில்லை. அப்போது, சோபாவின் காலியான கோடியை ஒட்டி, திரையின் இடது விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு எட்டிப் பார்த்தது. பாதிக் கட்டம். மீதிப் பாதி படத்துக்கு வெளியே இருந்தது. உட்கார்ந்திருப்பவர்களின் தலை உயரத்தில்தான் இருந்தது.

அப்படியே எடுத்தால் வெட்டுப்பட்டுவிடும். பின்னால் நகரலாம் என்று ஓர் அடி வைத்தார், முதுகில் சுவர் இடித்தது. கேமராவை இடது பக்கம் திருப்பினால் வலது கோடியில் மனைவி வெளியே போய்விடுவாள். மகள் பொறுமையில்லாமல் வயிற்றைத் தடவிக்கொண்டு, "என்னப்பா, இன்னும் என்ன குறை?" என்றாள்.

"ஒரு குறையும் இல்ல" என்றார் நொட்டையார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மெல்லத் தூக்கி, யாருமில்லாத அந்த ஓரத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லி விரல்களை மடக்கினார்.